பன்னிரண்டாம் பக்கம்

ஜெசிந்தா ஒரு வரியைப் படித்தால், ஏதோ ஒரு சொல்லை விட்டுவிட்டோமோ என்ற பயத்தில் அதையே முப்பது தடவை படிப்பாள். எண்ணச் சுழற்சி நோய் என்றார் மருத்துவர். "சந்தேகம் வந்தா வரட்டும்மா. திரும்பிப் போகாம மேல படிங்க." சொல்வது அவருக்குச் சுலபம். பத்து வருடங்களாக அவள் ஒரு நாவலைக்கூட முடித்ததில்லை. அதனால் அன்று ரயிலில் ஏறியதும் ஒரு கொலைக்கதையைப் பிரித்து, திரும்பிப் போக முடியாதபடி, படித்த ஒவ்வொரு தாளையும் கண்ணை மூடிக்கொண்டு கிழித்தாள்.

எதிரே இருந்த போலீஸ்காரர் கிழித்த தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் பாதிப் பெட்டி அவள் பின்னால் வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தது.

"அடுத்த தாள் எங்கம்மா? கொஞ்சம் வேகமாப் படிங்க," என்றார் போலீஸ்காரர்.

ஆறாவது தாளைக் கொடுத்து வெகு நேரமாகியும் அவளால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. "சார், பன்னிரண்டாம் பக்கத்துல கதவைத் திறந்தது அவனா, அவளா?"

தாள் அதற்குள் பெட்டியின் கடைசிக்குப் போயிருந்தது; யாரோ அதில் டீயைக் கொட்டி, அந்த வரி கறையாகியிருந்தது. "திறந்தாள்னுதான் இருக்கு," என்று ஒரு குரல் வந்தது. "இல்ல, திறந்தான்," என்றது இன்னொன்று.

"யாரும் தொடாதீங்க, நான் வர்றேன்," என்று போலீஸ்காரர் எழுந்து ஓடினார். எட்டுத் தலைகள் தாளின் மேல் குவிந்தன. அந்த ஒரு வரியை ஆளாளுக்குத் திரும்பத் திரும்பச் சத்தமாகப் படித்தார்கள்.

ஜெசிந்தாவும் பதறிப்போய் எழுந்தாள். நின்றபடி கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, விரலைப் பதின்மூன்றாம் பக்கத்தின் முதல் வரியில் வைத்தாள்.