ஐயா பார்த்துக்கொள்வார்

ஐயா நடத்துகிற பிரார்த்தனை மையத்தில் அவளுக்குப் போன் எடுக்கிற வேலை. எந்த நோயைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான், மேஜையில் தாளில் எழுதி ஒட்டியிருந்தது: மருந்தை நிறுத்துங்கள், ஐயா பார்த்துக்கொள்வார். பி.எஸ்ஸி. படித்தவள்தான், ஆனால் படிப்பு அடுப்பெரிக்குமா? தாளைப் பார்த்து வாசிப்பாள்.

திங்கட்கிழமை ஒரு அம்மாவுக்கு வாசித்தாள். சர்க்கரை நோய் இருந்த மகளுக்கு அன்றே இன்சுலின் ஊசி நின்றது. வியாழக்கிழமை அதே அம்மா, "பாப்பா போயிட்டாம்மா" என்று அலறினாள்.

"விதின்னு சொல்லிட்டு வை" என்றார் சூப்பர்வைசர். சொன்னாள், வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் அந்த அம்மா. இப்போது குரலில் சிரிப்பு.

"எந்திரிச்சுட்டாம்மா! புதைச்ச இடத்துலேர்ந்து தானா நடந்து வந்துட்டா. மூச்சுதான் இன்னும் வரல. மத்தபடி சமத்தா உக்காந்திருக்கா. சின்னவளுக்கும் சர்க்கரைதான். அவ ஊசியையும் நிறுத்திடட்டுமா?"

இந்த முறை அவள் தாளைப் பார்க்கவில்லை.

"ஐயையோ, வேணாங்க்கா! நாங்க சொன்னதெல்லாம் பொய். ஊசி போடுங்க, உங்க கால்ல விழறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கிசுகிசுப்பு. பிறகு அம்மா பொறுமையாகச் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் நம்பிக்கை பத்தலையாம். பாப்பா சொல்றா."