பத்தடி தூரத்தில்

மினோரி நின்றாள். பின்னால் வந்த காலடியும் நின்றது.

பதினோரு நாளாக இதே கதைதான். தைபேயின் ஆற்றோரப் பாதையில் காலை ஆறு மணிக்கு அவள் பாலத்தைத் தாண்டியதும், தூண் ஓரம் நிற்கும் நீலத் தொப்பிக்காரர் அவள் பின்னால் ஓடத் தொடங்குவார். ஐம்பது வயதிருக்கும். முந்தவும் மாட்டார், பின்தங்கவும் மாட்டார். எப்போதும் பத்தடி.

ஜப்பானிலுள்ள ஒசாகா கம்பெனி ஒன்றுக்கு இங்கே வாடகை அறையில் இருந்தபடியே வேலை பார்ப்பவள் மினோரி. இரண்டு வருடம் நாற்காலியை விட்டு எழாததில் பதினான்கு கிலோ ஏறி, சர்க்கரையும் எட்டிப் பார்த்துவிட்டது. டாக்டர் கண்டித்த பிறகுதான் இந்த ஓட்டமே. அதற்கும் இப்போது இப்படி ஒரு வினை.

ஏழு மணிக்கு மாற்றிப் பார்த்தாள். அவர் அதே தூணருகே காத்திருந்தார். மறுநாள் சட்டென்று திரும்பி, செல்போனில் அவரைப் படம் எடுத்தாள். அவர் முகத்தை மறைக்கவில்லை. கூச்சப்படக்கூட இல்லை. அந்தத் துணிச்சல்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

வீட்டுக்குக் கீழே சோயாபால் கடை வைத்திருக்கும் லியாவ் அக்காவிடம் படத்தைக் காட்டினாள். தனியாக இருக்கும் வெளியூர்ப் பெண் என்று மோப்பம் பிடித்துத்தான் வருகிறான் என்றார் அக்கா.

"இப்படியே விட்டா நாளைக்கு உன் வாசல்ல வந்து நிப்பான், பாத்துக்கோ."

ஓட்டத்தையே விட்டுவிடலாமா, ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள் மினோரி. அக்கா விடவில்லை. நீ எப்போதும்போல ஓடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் காலை, மாவு உருட்டும் கட்டையோடு பாதையோரத்து மரத்தின் பின்னால் நின்றார் அக்கா. மினோரி ஓடி வந்தாள். பின்னாலேயே தொப்பிக்காரர்.

மரத்தருகே வந்ததும், பேசி வைத்தபடி அவள் பாதையை விட்டுப் புல்தரைக்குத் தாவி அசையாமல் நின்றாள். அவர் நாலு எட்டு வந்து தயங்கி நின்றார். முகத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினார். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவளைத் தேடுவதுபோல என்ன நடிப்பு! மினோரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டையோடு அக்கா குறுக்கே பாய்ந்தார்.

"யாருய்யா நீ? என்ன வேணும் உனக்கு?"

அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டார். மினோரிக்கும் தைரியம் வந்தது.

"எதுக்கு தினமும் என் பின்னாலயே வர்றீங்க?"

குரல் வந்த திசைக்கு மெல்லத் திரும்பினார் அவர்.

"மன்னிச்சுக்கணும். எனக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. தினமும் இந்தப் பக்கம் ஓடுற ஒருத்தரோட காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்து, அதைப் பிடிச்சுக்கிட்டு, நாலு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் மறுபடி ஓடுறேன்."

அக்காவின் கை தானாகத் தாழ்ந்தது.

அவர் சற்று யோசித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆமா... அது நீங்களாம்மா? யாரோ கனத்த அண்ணன்னுல்ல நெனச்சேன்."