திரைக்கு இந்தப் பக்கம்

"குளிசை துவங்கி ஒரு மாசம் நல்ல சுகம், டொக்டர். இப்ப கழுத்து வீங்கி, காய்ச்சலும் வந்திட்டு. பயத்தில நாலு நாளா நிப்பாட்டியாச்சு," என்றான் இன்ஸாப். கல்முனையில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று இரண்டு பஸ் மாறி இந்தக் கிளினிக்குக்கு வந்திருந்தான்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "எச்.ஐ.வி. குளிசைய நிப்பாட்டினாத்தான் உசிருக்கு ஆபத்து. அது வேலை செய்யுது. சோர்ந்து கிடந்த எதிர்ப்புச் சக்தி எழும்பி, உள்ளுக்கு ஒளிச்சிருந்த காசநோய்க் கிருமியோட சண்டை பிடிக்குது போல. அதால வாற வீக்கம். அதுக்கும் மருந்திருக்கு. வீட்ட தெரியுமா?"

"பொஞ்சாதிக்குத் தெரியா. சீனி வருத்தத்துக்குக் குளிசை எண்டு நினைக்கிறா."

"சரி, கழுத்தப் பாப்பம்."

இன்ஸாப் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். "உள்ளுக்கு வாங்க மாமி."

மனைவியின் உம்மா வந்து அமர்ந்தாள். பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும், கதவுத் திரைக்குப் பின்னால் நின்றே மருமகனோடு கதைப்பவள். அவன் வெளியே போகத் திரும்பினான்.

"நில்லுங்க மகன். நீங்களும் கேட்டாத்தான் எனக்குத் தைரியம்," என்றவள், முக்காட்டு ஊசியைத் தானே கழற்றி, வீங்கிய கழுத்தை டொக்டருக்குக் காட்டினாள்.