தேருக்கு விட்ட வழி

தேர் நிலைக்கு வந்ததுதான் தாமதம், கோமதித்தாய் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுண்ணாம்பு வாளியைத் தூக்கினாள்.

"ஏட்டி, வாங்க. பெஞ்செல்லாம் வெளிய வாரதுக்குள்ள கோட்டப் போட்ருவோம்."

சங்கரன்கோவில் ரத வீதியில் நடப்பதே வருஷம் முழுக்க ஒரு வித்தைதான். தட்டியும் பெஞ்சும் சாக்கு மூட்டையுமாகக் கடைகள் தெருவுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மனுக் கொடுத்தும் பார்த்தாயிற்று, சண்டை போட்டும் பார்த்தாயிற்று, ஒன்றும் அசையவில்லை.

ஆனால் ஆடித் தபசுத் தேர் வருகிறதென்றால் போதும். யாரும் சொல்லாமலே எல்லாம் உள்ளே போய்விடும். தேர் நிலைக்கு வந்த மறுநாள் பழையபடி வெளியே வந்துவிடும்.

அம்மனுக்கு விட்ட வழியைப் பிள்ளைகளுக்கும் விட்டால் என்ன குறைந்துவிடும் என்று தேருக்கு முந்தின வாரம் கோமதித்தாய் குழாயடியில் கேட்டாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பொம்பளைகள் யோசித்தார்கள். தேர் போகிற ஓரத்திலேயே கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியுமாகக் கோடு இழுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. கோயில் கோட்டின் மேல் பெஞ்சு போடுகிற துணிச்சல் எந்தக் கடைக்காரனுக்கு வரும்?

அவளுக்கு வயிற்றெரிச்சல் அப்படி. மகள் தங்கத்தாய்தான் அந்தத் தெருவில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிற முதல் பொம்பளைப் பிள்ளை. ஒரு நாள் சைக்கிளோடு விழுந்து முழங்கால் கிழிந்து ரத்தமாக வந்து நின்றாள். காப்பிக்கடை சங்கரபாண்டி போட்டிருக்கிற பெஞ்சுதானே என்று அம்மா கேட்டதும், பிள்ளை அழுதுகொண்டே தலையாட்டியது. இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிளும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கோமதித்தாய் கடை வாசலில் நின்று சங்கரபாண்டியை ஏசாத ஏச்சில்லை. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று தெருவே பேசியது.

இப்போது குழாயடிப் பொம்பளைகளில் ஜீவரத்தினம் டீச்சர் கயிற்றின் ஒரு முனையையும் மகபூப் பீவி மறுமுனையையும் பிடித்துக்கொண்டார்கள். கோமதித்தாய் சுண்ணாம்பை இழுத்துக்கொண்டே போக, பின்னாலேயே மற்றவர்கள் காவியைத் தீட்டினார்கள். தேர் இழுத்துக் களைத்த ஆம்பிளைகள்கூட எழுந்து வந்து வாளி தூக்கினார்கள். தெருவே திருவிழா முடியாதது போல ஆரவாரமாக இருந்தது.

கோமதித்தாய் வீட்டு வாசலில் துவைக்கிற கல் ஒன்று தெருவுக்குள் துருத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் மகபூப் பீவி கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள். தேரே விலகிப் போன கல்லைச் சைக்கிள் விலகிப் போகாதா என்று கோடு அதைச் சுற்றி வளைந்து போனது.

"கோடு நேரா வரட்டும், தாயி" என்றார் சங்கரபாண்டி, கடைக்குள் இருந்தபடியே. நக்கலைப் பார் என்று கோமதித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் தெருவில் ஒரே சத்தம். ஒரு கடைக்காரரும் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் காப்பிக்கடை முன்னால் மட்டும் கோட்டையே காணோம். தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது.

கோமதித்தாய் சாமி வந்தவளாகப் பாய்ந்தாள். பாதித் தெரு பின்னால் ஓடியது. கடைக்குக் கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது. கடைச் சுவரோடு ஒட்டிப் புதுக்கோடு ஒன்று, பழக்கமில்லாத கை போட்டது, கோணல் மாணலாகக் கிடந்தது. பெஞ்சு கடைக்குள்ளே இருந்தது.

"வண்டியெல்லாம் போக, நீங்க விட்ட ஓரத்துல ஒரு சைக்கிள்தான் போவும்" என்றார் சங்கரபாண்டி. "பிள்ளைய ரெண்டும் சோடியாப் போவாண்டாமா?"

உள்ளேயிருந்து அவர் மகள் ஆறுமுகத்தாய் புதுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கூட்டம் கைதட்டியது. கோமதித்தாய்க்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"எம் மக ஒங்க பெஞ்சு தட்டி விழுந்த அன்னைக்கே இதச் செஞ்சிருக்கலாம்லா அண்ணாச்சி?"

அவர் உள்ளே திரும்பிப் பெஞ்சைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற தங்கத்தாய்தான் அழுதாள்.

"பெஞ்சு தட்டலம்மா. நம்ம வாசக் கல்லு தட்டித்தான் விழுந்தேன். இந்த மாமாதான் ஓடியாந்து தூக்கிவிட்டாக. நம்ம வாசல்லயே விழுறவளுக்கு என்னத்துக்குச் சைக்கிளுன்னு அப்பா வித்துருவாகன்னு பயந்துட்டேன்."

கோமதித்தாய் தன் வாசல் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். ஏசிய ஏச்செல்லாம் திரும்பி வந்து காதில் விழுந்தது. சங்கரபாண்டி பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இத்தனை பேச்சும் வாங்கிக்கிட்டு ஏன் அண்ணாச்சி சும்மா இருந்திய?"

சங்கரபாண்டி சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நீ அந்த ஒரு கல்லப் பேத்துட்டு உள்ள போயிருப்ப, தாயி. தெரு பூராவும் தொறந்திருக்குமா?"