பச்சை டவுசர்க்காரன்

பௌர்ணமியும் அதுவுமாக ஜோதியம்மாள் சரியாகப் பதினொரு மணிக்கு வந்து, அலுவலகக் கம்ப்யூட்டருக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் அதே மஞ்சள் பை, முகத்தில் சிரிப்பில்லை. இளநிலை உதவியாளர் அறிவுச்செல்வன் கையில் கிடைத்த கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டான்.

அடி அண்ணாமலையில் வாங்கிய முக்கால் ஏக்கருக்குப் பட்டா மாற்ற, இரண்டு மாதமாக வேங்கிக்காலில் இருந்த அந்த அரசு அலுவலகத்துக்கு அலைகிறாள். ஒருநாள் பத்திர நகல் இல்லை, மறுநாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்லை, அதற்கு மறுநாள் வரி ரசீது இல்லை. நாளைக்கு எடுத்து வருகிறேன் என்பாள். ஆனால் எழுந்து மட்டும் போகமாட்டாள்.

2001இல்தான் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நில ஆவணங்களை எல்லாம் அதில் ஏற்றிவிட வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஆசை. ரிப்பேர் பார்க்க வந்தவன் போகிறபோக்கில் ஒரு சண்டை விளையாட்டை ஏற்றிவிட்டுப் போனான். அதோடு ஏற்றும் பணி இனிதே நிறைவடைந்தது.

ஒரே கீபோர்டில் இரண்டு பேர் மோதலாம். இடது பக்கத்து எழுத்துகள் ஹெட்கிளார்க் சகாதேவனுக்கு, அவருடைய ஆள் சிவப்புக் குடுமிக்காரன். வலது பக்கத்து அம்புக்குறிகள் அறிவுச்செல்வனுக்கு, அவனுடைய ஆள் பச்சை டவுசர்க்காரன்.

மேலதிகாரியின் மூஞ்சியில் எட்டி உதைக்க எந்த அரசாணையும் இதுவரை அனுமதித்ததில்லை, இந்த விளையாட்டு அனுமதித்தது. பத்து வருடமாக அவர் முன்னால் உட்காரவே கூச்சப்பட்டவன், பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை அவரைத் துவைத்து எடுத்தான். மற்ற ஊழியர்கள் கையில் கோப்புகளோடு சுற்றி நின்று மக்கள் சேவை ஆற்றினார்கள்.

மனு கொண்டுவருபவர்கள் முணுமுணுப்பார்கள், திட்டுவார்கள், போய்விடுவார்கள். அவர்களால் ஆபத்தில்லை. ஜோதியம்மாள் வாயே திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது மறைத்தால் நகர்ந்து உட்காருவாள். பச்சை டவுசர்க்காரன் அடிபட்டு விழும்போதெல்லாம் 'ச்சு' என்று அலுத்துக்கொள்வாள்.

"அந்தம்மா எல்லாத்தையும் நோட் பண்ணுது சார்," என்றான் அறிவுச்செல்வன்.

"பண்ணட்டும்பா, நீ ஆடு," என்றார் சகாதேவன்.

அவருக்கென்ன, அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். ஜோதியம்மாளுக்குக் கிரிவலப் பாதையில் சோடாக்கடை. மாதம் முழுக்க ஈ ஓட்டும் அந்தக் கடைக்குப் பௌர்ணமியன்றுதான் வியாபாரமே. அதையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கும் என்று அறிவுச்செல்வன் கணக்குப் போட்டான். அன்றைக்குத்தான் அந்தச் சண்டை விளையாட்டின் இறுதிப் போட்டி வேறு.

பத்து நாளில் ஜமாபந்தி. பெரிய அதிகாரி நேரில் வந்து உட்கார்ந்து, ஜனங்களிடம் மனு வாங்கி, அங்கேயே விசாரிப்பார். அறிவுச்செல்வனின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி இந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் உயர்வும் போகும், பதவியே போனாலும் போகும்.

அன்று மாலையே விளையாட்டை அழித்தான். அதற்கு முன் பச்சை டவுசர்க்காரனை வைத்துக் கடைசியாக ஒரு ஆட்டம் தனியாக ஆடிக்கொண்டான்.

அதன்பின் அரசு அலுவலகம் எதிலும் நடந்திராத காரியங்கள் நடந்தன. பத்திர நகலைத் தானே தேடி எடுத்தான். ரசீதுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் தானே போனான். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டு ஜோதியம்மாளின் கடைக்கே போனால், மஞ்சள் பையிலிருந்து அரைமனதாக எடுத்துக் கொடுத்தாள். அது எப்போதிலிருந்து பையில் இருக்கிறது என்று கேட்க அவனுக்கு நேரமில்லை.

ஐந்தே நாளில் பட்டா தயார். அதையும் பஸ் ஏறிப் போய் அவள் கையிலேயே கொடுத்தான்.

"இனிமே நீங்க ஆபீஸ் பக்கமே வர வேணாம்மா. அந்தச் சண்டையக்கூட கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா?" என்றாள் அவள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நன்றியில் நா தழுதழுக்கிறது என்று புரிந்துகொண்டு, அவள் கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினான்.

ஜமாபந்தியன்று பார்த்தால் வரிசையில் மூன்றாவது ஆளாக ஜோதியம்மாள். கையில் ஒரு வெள்ளைத்தாள். அறிவுச்செல்வன் அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்து நின்றான்.

பட்டா மனுவா, இன்னும் வரவில்லையா என்று அதிகாரி விசாரித்தார். வந்துவிட்டது, இந்த சார்தான் கடை தேடி வந்து கொடுத்தார் என்று அவள் அறிவுச்செல்வனைக் காட்டினாள். அதிகாரி அவனைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். அவனுக்குப் போன உயிர் வந்தது. பதவி உயர்வே கைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

"அப்புறம் என்னம்மா மனு?" என்றார் அதிகாரி.

ஜோதியம்மாள் தாளை நீட்டினாள். மூலையில் துணி மூடிக் கிடந்த கம்ப்யூட்டரை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தாள்.

"அந்தப் பச்சை டவுசர்க்காரன் சண்டைய மறுபடியும் போடச் சொல்லுங்கய்யா."