இறக்கைக்கு அடியில் ஒரு கோணல்

கடைவீதி முக்கில் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிற இரும்புப் பறவையின் இறக்கைக்கு அடியில், ஏணிமேல் நிற்கிறான் வெல்டர். வெயிலில் இரும்பு கொதிக்கிறது. கண்ணுக்கு நேரே தம்பி கடைசியாகப் போட்ட வெல்டிங் கோடு, நூல் பிடித்தாற்போல் ஒரு முழம் ஓடி, சட்டென்று கோணி, கீழ்நோக்கி இழுபட்டு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் சாரம் சரிந்தது. மிச்சத்தை மறுநாள் இவனே போட்டு முடித்தான். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டதாம். கீழே கல்வெட்டில் சிற்பியின் பெயர் இருக்கிறது, திறந்து வைக்கப்போகிறவரின் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. "அந்தக் கோணல் அசிங்கமா தெரியுதுப்பா. விழா மலருக்குப் படம் எடுக்கணும், தேச்சு விட்டுடு," என்கிறார் மேற்பார்வையாளர், அண்ணாந்து பார்த்தபடி. "அது என் தம்பி விழுந்த இடம் சார்." "தெரியும்பா. அதுக்கு என்ன பண்றது? வேற ஆளை வரச் சொல்லட்டுமா?" இன்னொருவன் அதில் கை வைப்பதா? இவனே கிரைண்டரை ஓட்டுகிறான். தம்பி விழுந்த அதே தரையில் தீப்பொறி கொட்டுகிறது. பை தூக்கிப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கோணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கட்டைவிரலால் தடவுகிறான், வழுவழுவென்று இருக்கிறது, இன்னும் சூடு ஆறவில்லை. "கைகாரன்யா நீ. எங்க இருந்துச்சுன்னே தெரியல," என்று கைபேசியை உயர்த்துகிறார் மேற்பார்வையாளர். "சீக்கிரம் இறங்கு. படத்துல நீ தெரியற."