மூன்றாவது கோட்

மொட்டை மாடிக்குச் சூடு தணிக்கும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தாயிற்று. அந்த வெளுப்பைப் பார்த்துப் பீளமேட்டு வெயிலே கண் கூசி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அப்புசாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேகுதுங்க அம்மணி. ஊட்டுக்குள்ள உட்கார முடியல. இன்னொரு கோட்டு அடிச்சுபோடுங்க" என்றார், பெயின்ட் வேலை எடுத்துச் செய்யும் மோகனப்பிரியாவிடம்.

"செரிங்க ஐயா" என்றாள் அவள்.

அவருடைய மகன் சுரேந்தருக்குப் பகீரென்றது. முப்பத்தாறு வயதுக்குள் பதினோரு வீடுகளில் பெண் பார்த்து, பஜ்ஜி மட்டும் தின்று திரும்பியவன் அவன். இப்போதுதான் ஒருத்தி அவனிடம் சிரித்துப் பேசுகிறாள். அப்பா குறை சொல்லியே அவளை விரட்டிவிடுவார் போலிருந்தது.

அவள் மறுநாள் வந்து மூன்றாவது கோட்டும் அடித்தாள். அடித்து முடிக்கும்வரை சுரேந்தர் அவளுக்குக் குடை பிடித்தான்.

இரண்டே நாளில் அப்புசாமி மறுபடி அவளை வரவழைத்தார். "இன்னும் வேகுதுங்க அம்மணி. நாலாவது கோட்டு..."

சுரேந்தருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கப்பா, நேத்துக் கம்பளி போத்தீட்டுத்தானுங்களே தூங்குனீங்க?"

"பேசாம இரு சாமி. சூடு கொறைஞ்சுபோச்சுன்னு சொல்லிப்போட்டா, அப்பறம் இந்த அம்மணி எதுக்கு இங்க வரும்?"

மோகனப்பிரியா பெயின்ட் வாளியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது கோட்டுலயே சூடு கொறைஞ்சுபோச்சுங்க. மூணாவதா நான் அடிச்சது வெறும் தண்ணிதானுங்க, மாமா!"